அடுக்களைக் கணக்கு: குமரி மாவட்ட முந்திரி ஆலைத் தொழிலாளர் ஒருவரின் எடைக்குறைப்பு

விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த 47 வயதுப் பெண் ஒருவர், இரு முழங்கால்களிலும் நீடித்த வலிக்காக எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சென்று, எடை குறையாமல் மாத்திரையால் மட்டும் இந்த வலி தீராது என்று சொல்லப்பட்டு, ஜூன் மாதத் தொடக்கத்தில் எங்கள் உணவு ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள முந்திரி ஆலையொன்றில் பருப்பைத் தரம் பிரிப்பது அவருடைய வேலை. நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை அது. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. வீட்டில் 70 வயதைக் கடந்த மாமியாரும், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனும் உள்ளனர். மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இங்கே மாற்றப்பட்டுள்ளன.

முதல் நாள் எடுத்த அளவுகள் இவை: உயரம் 152 செ.மீ., எடை 74.6 கிலோ, உடல் நிறைக் குறியீடு 32.3, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., இரத்த அழுத்தம் 138/88. இந்தியர்களுக்கென வகுக்கப்பட்ட அளவுகோலின்படி குறியீடு 25-ஐத் தாண்டினாலே உடல்பருமன் என்றும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினால் வயிற்றுப் பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.2 சதவீதம், அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. டிரைகிளிசரைடு 196, நல்ல கொழுப்பு 38, ஹீமோகுளோபின் 10.4. தைராய்டு சுரப்பு இயல்பாகவே இருந்தது. இதைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு: எடை கூடுகிற பெண்கள் பலரும் முதலில் தைராய்டையே சந்தேகிக்கிறார்கள், இவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்புப் படிவு தெரிந்தது.

இவருடைய நிலை அரிதானதன்று. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடையோடோ உடல்பருமனோடோ இருக்கிறார்கள். இந்திய அளவில் அது 24 சதவீதம். அந்த ஆய்வு அதிக எடையையே 25 என்ற குறியீட்டிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது; இந்திய அளவுகோல் 23-இலிருந்தே அதிக எடை என்று கொள்வதால், உண்மை நிலை அந்த எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

முந்தைய முயற்சிகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் ஒருவர் வழியாக வாங்கிய சத்துமாவுப் பொடியைக் காலையிலும் இரவிலும் கரைத்துக் குடித்து, மூன்று மாதங்களில் 7 கிலோ குறைத்திருக்கிறார். மாதந்தோறும் அந்தப் பொடிக்கு ஆன செலவு அவருடைய கூலியில் பெரும்பகுதியை விழுங்கியதால் நிறுத்தினார். அடுத்த ஓராண்டுக்குள் 9 கிலோ கூடிவிட்டது. அதன் பிறகு, இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினார். நம் மாவட்டத்தில் இது ஏறக்குறைய ஒரு மருத்துவ முறையாகவே கருதப்படுகிறது. ஆனால் எண்ணெய் தடவிச் சுட்ட நான்கு சப்பாத்தியையும் உருளைக்கிழங்குக் கறியையும், அவற்றுக்கு முன் அவர் உண்டுவந்த சோற்றோடு ஒப்பிட்டால், சப்பாத்தியிலேயே கலோரி சற்று மிகுதி. வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்ததையும் சொன்னார். அதனால் தீங்கில்லை, எடையும் குறையாது.

“நான் ஒண்ணும் அதிகமா தின்னுயதில்ல, வெள்ளம் குடிச்சாலும் எனக்கு வண்ணம் வைக்குது” (தண்ணீர் குடித்தாலும் உடல் பருக்கிறது) என்பதே அவருடைய முதன்மையான முறையீடு. இதைப் பொய்யென்றோ சாக்கென்றோ எடுத்துக்கொள்வது ஆலோசகர் செய்யக்கூடிய மிக மோசமான செயல். நியூயார்க்கில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வொன்று, எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களின் உண்மையான உணவை உடலின் ஆற்றல் செலவைக் கொண்டு அளந்தது. அவர்கள் தாம் உண்டதாகச் சொன்ன அளவு உண்மையைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. உடலுழைப்பையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறையெதுவும் காணப்படவில்லை. உண்டதை நினைவிலிருந்து சொல்லும்போது தட்டில் வைத்துச் சாப்பிட்டது மட்டுமே நினைவுக்கு வருகிறது; தட்டுக்கு வெளியே உண்டது எவருக்கும் கணக்கில் சேர்வதில்லை.

ஒரு நாளும் ஒரு மாதமும்

அவருடைய ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்குகிறது. எழுந்ததும் சீனி போட்ட சாயா. சமையலை முடித்து, கணவருக்கும் மகனுக்கும் எடுத்துவைத்து, இன்னொரு சாயா குடித்துவிட்டு ஏழு மணிக்குப் பேருந்து ஏறுவார். காலை உணவு கிடையாது. பத்தரை மணி இடைவேளையில் ஆலைக்கு வெளியே உள்ள கடையில் சாயாவும் ஒரு ரசவடையும், இல்லையென்றால் பன்னும். மதியம் கொண்டுபோன சோறும், மீன்கறியோ புளிக்கறியோ, ஒரு துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்). நாலு மணிக்கு மறுபடி சாயா, கூட வேலை செய்பவர்கள் சேர்ந்து வாங்கும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) வறுவல். ஐந்தரை மணிக்கு வீடு திரும்பும்போது, காலையிலிருந்து முறையாக ஒரே வேளை உணவு மட்டும் கண்ட உடல் கடும் பசியில் இருக்கும். அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியும் அப்போது சாயாவோடு சேரும். இரவு ஒன்பதரைக்கு, எல்லாரும் உண்ட பின், சட்டியில் மிஞ்சிய கறியோடு சோறு. மிஞ்சியதைக் கொட்டுவது அவருக்கு ஆகாது. இரவுச் சோற்றின் அளவைத் தீர்மானித்தது பசியன்று, பானையில் எவ்வளவு மிச்சம் என்பதே.

இவ்வாறு அவர் சொல்லச் சொல்ல எழுதிய ஒரு நாள் உணவைக் கூட்டினால் 1,450 கலோரி வந்தது. அவருடைய வயது, உயரம், எடை, வேலை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டால், அப்போதைய எடையிலேயே நிற்பதற்குச் சுமார் 1,900 கலோரி போதும். எடையோ கூடிக்கொண்டே இருந்தது. இரண்டில் ஒன்று தவறு என்பது தெளிவு.

ஆகவே அடுத்த முறை வரும்போது உணவு நாட்குறிப்புக்குப் பதிலாக, மாதப் பலசரக்குச் சீட்டையும், மில்லில் ஆட்டி வாங்கிய எண்ணெயின் அளவையும் கொண்டுவரச் சொன்னோம். இந்த முறையில் ஒரு வசதி உண்டு: ஒருவர் என்ன உண்டார் என்பதை மறக்கலாம், கடைக்குக் கொடுத்த பணத்தை மறப்பதில்லை. நான்கு பேர் உள்ள அந்த வீட்டில் மாதம் 4 லிட்டர் தேங்காய் எண்ணெய், 5 கிலோ சீனி, நாளுக்கு ஒன்றாக 30 தேங்காய், நியாயவிலைக் கடையில் வாங்கியதையும் சேர்த்து 22 கிலோ அரிசி, ஏறத்தாழ 12 கிலோ மரச்சீனி ஆகியவை செலவாகின.

ஆளுக்கு நாளொன்றுக்கு என்று வகுத்துப் பார்த்தபோது, எண்ணெய் 31 கிராம், அதாவது 276 கலோரி. சீனி 42 கிராம், 167 கலோரி. வீட்டில் ஒரு தேங்காயைத் துருவி நிறுத்துப் பார்க்கச் சொன்னோம். 220 கிராம் வந்தது. ஆளுக்கு 55 கிராம் எனக் கொண்டால் 190 கலோரிக்குச் சற்று மேல். இம்மூன்றும் சேர்ந்து சுமார் 635 கலோரி. அரிசி ஆளுக்கு 183 கிராம், அதாவது 640 கலோரி. ஊரே எடை கூடியதற்குப் பழி போட்டுக்கொண்டிருந்த சோறும், யாரும் பேசாத எண்ணெய், தேங்காய், சீனி மூன்றும் கலோரியில் சமமாக நின்றன. கிழங்கு, மீன், முட்டை, பயறு, பால், காய்கறி, வெளியே வாங்கிய வடை, வறுவல், வாரம் ஒருமுறை வரும் பரோட்டா எல்லாவற்றையும் சேர்த்தால் அவருடைய பங்கு நாளொன்றுக்கு 2,200 கலோரியை நெருங்கியது. புரதம் 45 கிராம் அளவில்தான் இருந்தது.

இந்தச் சராசரி ஒவ்வொருவருடைய உண்மையான பங்கையும் காட்டாது. விடியுமுன் மரத்துக்கு மரம் நடந்து வெட்டுகிற கணவர் சோற்றில் கூடுதலாக எடுத்திருப்பார். நாளுக்கு ஐந்து சாயா குடிக்கிற இவர், நீரிழிவு உள்ள மாமியாரைவிடச் சீனியில் கூடுதலாக எடுத்திருப்பார். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிட்டது. ஒருவருடைய வாயைக் கட்டுவதைவிட, அந்த வீட்டு அடுக்களைக்குள் என்ன நுழைகிறது என்பதை மாற்றுவதே இங்கே சிகிச்சை.

கிழங்கைப் பற்றிச் சில சொற்கள்

மரச்சீனியை இந்த மாவட்டத்தில் வெறும் தின்பண்டமாகப் பார்க்க முடியாது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த நிலம் இது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்ச காலத்துக்கு உதவும் பயிராக இதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழை வீடுகளைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். மாமியார் சிறுவயதில் மாதக் கணக்கில் இதையே உண்டு வளர்ந்தவர். சோற்றுக்குப் பதிலாக இருந்த காலத்தில் கிழங்கு ஒரு வேளை உணவு. இப்போது அது சோற்றுக்கு முன்னால் வருகிற இன்னொரு வேளையாகிவிட்டது. 100 கிராம் கிழங்கில் 38 கிராம் மாவுச்சத்தும், ஒன்றரை கிராமுக்கும் குறைவான புரதமும் உள்ளன. மீன்கறியோடு உண்ணும் வழக்கம் அந்தக் குறையை ஈடுசெய்யவே தோன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவித்த நீரை இறுத்துக் கொட்டுகிற வழக்கத்தையும் விடக்கூடாது. கிழங்கிலுள்ள சயனைடு சார்ந்த நச்சுப்பொருள் பெருமளவு அந்த நீரோடு போகிறது.

இதனால் கிழங்கைத் தடை செய்யும்படி நாங்கள் சொல்லவில்லை. மாலையில் கிழங்கு உண்டால் அதுவே இரவு உணவு, அன்றைக்குச் சோறு இல்லை என்ற ஒரே விதியை மட்டும் வைத்தோம்.

மாமியாரோடு பேசியது

இரண்டாவது சந்திப்புக்கு மாமியாரையும் அழைத்துவரச் சொன்னோம். இந்த நிகழ்வின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். மருமகள் வேலைக்குப் போகிற வீட்டில் தேங்காய் துருவுவதும் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்ப்பதும் மாமியாருடைய கை. மருமகளுக்குத் தனியாக ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்திருந்தால், அது அடுக்களைக்கு வெளியிலேயே நின்றிருக்கும்.

“தேங்கா அரைக்காம மீன்கறி வச்சா அவன் தொட்டும் பாக்க மாட்டான்” என்று தம் மகனைச் சொல்லித் தொடங்கினார் அவர். மருமகள் மெல்ல, “மாமி, உங்களுக்கும் சுகர் குறையும்னு டாக்டர் சொல்லுயாரு” என்றார். பல ஆண்டுகளாக நீரிழிவு மாத்திரை எடுப்பவர் அந்த அம்மா. தம் உடலும் இந்தக் கணக்கில் சேர்கிறது என்று தெரிந்ததும் பேச்சின் போக்கு மாறியது. பேரம் பேசுவது போலத்தான் அடுத்த அரை மணி நேரம் நடந்தது: அவியலிலும் துவரனிலும் தேங்காய் இருக்கட்டும், தீயலுக்கு (வறுத்த தேங்காய் அரைத்த குழம்பு) வாரம் ஒருநாள், மீன்கறியில் வாரம் மூன்று நாள் தேங்காய் அரைக்காமல் மிளகாயும் குடம்புளியும் மட்டும் சேர்ப்பது, மீனைப் பொரிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு தொடுகறியிலாவது தேங்காய் இருக்கும் என்ற உறுதி கிடைத்த பின்தான் அவர் இறங்கி வந்தார்.

மாமியாருடைய உணவும் மாறப்போவதால், அவருடைய மருத்துவருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்தோம். சில வகை நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். வீட்டு உணவை மாற்றும்போது வீட்டிலுள்ள மற்றவர்களின் மருந்தையும் பார்க்க வேண்டும் என்பது பலராலும் விடுபடுகிற ஒன்று.

என்னென்ன மாறின

அவர் கேட்டது 20 கிலோ குறைய வேண்டும் என்பது. நாங்கள் வைத்த இலக்கு ஓராண்டில் உடல் எடையில் 7 சதவீதம், ஏறத்தாழ 5 கிலோ. அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக்குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய ஆய்வு இன்னும் கூர்மையானது: வாழ்க்கைமுறை மாற்றத்தால் நீரிழிவு வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, ஆனால் அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடைப்பொறியின் எண்ணைப் பார்த்து மனம் தளர்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது ஆய்வை நான் எப்போதும் சொல்வேன்.

முதல் மாதம் மூன்று மாற்றங்கள் மட்டும். சீனி வீட்டுக்கே மாதம் 3 கிலோ. உலக நலவாழ்வு நிறுவனம் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. எண்ணெயை மாதக் கணக்கில் பெரிய குப்பியிலிருந்து ஊற்றாமல், ஞாயிறுதோறும் ஒரு வாரத்துக்கு உரியதைச் சிறு குப்பியில் அளந்து வைப்பது. மூன்றாவது, காலை உணவு. ஏழு மணிக்கு வீட்டில் உண்ண நேரமில்லை என்பது உண்மை. எனவே ஒரு துண்டு புட்டும் ஒரு கிண்ணம் கடலைக்கறியும், அல்லது அவித்த சிறுபயறும் ஒரு முட்டையும் டப்பாவில் எடுத்துப் போய் எட்டு மணிக்கு, வேலை தொடங்குமுன் உண்பது என்று முடிவாயிற்று. வழக்கமாக மூன்று துண்டு புட்டுக்கு ஒரு கரண்டி கடலை என்றிருந்ததை இது தலைகீழாக்கியது. பத்தரை மணி வடை தானாக நின்றது. அதை விடும்படி நாங்கள் சொல்லவே இல்லை. நாலு மணிச் சாயாவுக்கு வறுவலுக்குப் பதில் ஒரு மட்டிப் பழம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சிறிய பழம் ஒன்றை உண்டால் ஒன்றோடு நிறுத்த முடிகிறது. ஏத்தங்காய் வறுவலில் அது நடவாது, 50 கிராம் வறுவலிலேயே 250 கலோரிக்கு மேல் உண்டு.

சாயாவை உணவோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னோம். இது எடைக்காக அன்று, இரத்தசோகைக்காக. தேயிலையிலுள்ள பொருட்கள் பயறு, கீரை ஆகியவற்றின் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றன. இரும்பு மாத்திரையை மருத்துவர் தனியே எழுதியிருந்தார்.

கணவரிடமிருந்து எழுந்த எதிர்ப்பு நியாயமானது. மெலிந்த உடல், உடலுழைப்பு அதிகம், அவருக்கு உணவைக் குறைத்தால் கேடு. அவருக்குக் காலையில் அவித்த ஏத்தம்பழமும், மதியம் கூடுதல் சோறும், இரண்டு முட்டையும் என்று தனி அளவு வைத்தோம். சட்டி ஒன்று, தட்டுகள் வேறு. இரவில் மிஞ்சும் கறியை மறுநாள் காலைக்கு எடுத்து வைக்க ஒரு மூடி போட்ட பாத்திரம் வாங்கப்பட்டது. கொட்டவும் வேண்டாம், தின்று தீர்க்கவும் வேண்டாம் என்ற இந்த எளிய ஏற்பாடு, இரவுச் சோற்றைப் பற்றிய எந்த அறிவுரையையும்விட நன்றாக வேலை செய்தது.

சிகிச்சை தொடங்கிய ஜூன், மேற்குக் கடலோரத்தில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தின் தொடக்கமும் ஆகும். ஜூலை இறுதி வரை தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். புரதத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு, மீன் கட்டுப்படியாகாத இரண்டு மாதங்களுக்கு என்ன வழி என்று சொல்லாவிட்டால் அந்த அறிவுரைக்குப் பொருளில்லை. கருவாடு எளிதில் கிடைக்கும். ஆனால் 138/88 அழுத்தம் உள்ளவருக்கு அதன் உப்பு ஏற்றதன்று. முட்டை, கடலை, சிறுபயறு, நாட்டுப் படகுகளில் வரும் சாளை (மத்தி) கிடைக்கிற நாளில் சாளை என்று அமைத்தோம். தடை முடிந்த பின் சாளையும் அயிலையும் (கானாங்கெளுத்தி) வாரம் நான்கு நாளேனும் கறியில் சேர்ந்தன. விலையுயர்ந்த நெய்மீன்தான் (வஞ்சிரம்) சத்து என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை. உடலுக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு சாளையில்தான் மிகுதி.

உடற்பயிற்சியில் பெரிதாக எதுவும் செய்ய இயலவில்லை. மேடும் பள்ளமுமான சாலைகளில் முழங்கால் வலியோடு நடைப்பயிற்சி போகச் சொல்வது பொருந்தாது. இயன்முறை மருத்துவர் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளைக் கற்றுத் தந்தார். ஆலையில் மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பதும் சேர்ந்தது. நான்காவது மாதத்துக்குப் பின்தான், வலி தணிந்த பிறகு, ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கத் தொடங்கினார்.

போக்கு

முதல் மாத இறுதியில் எடை 73.1 கிலோ, மூன்றாம் மாதம் 70.8. அதன் பின் அக்டோபர், நவம்பரில் அசைவே இல்லை, 70.5-இலேயே நின்றது. உடல் இளைக்கும்போது அதன் ஆற்றல் தேவையும் குறைகிறது, பசி கூடுகிறது. தொடக்கத்தில் வேலை செய்த அதே குறைப்பு இப்போது எடையை நிறுத்திவைக்க மட்டுமே போதுமானதாகிறது. இந்தத் தேக்கத்தை நோயாளியின் ஒழுங்கீனமாகப் பார்ப்பதால்தான் பலர் இந்தக் கட்டத்தில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். அளவுகளை மேலும் குறைக்கும்படி கேட்டபோதும் மறுத்துவிட்டோம்.

டிசம்பரில் 71.6 ஆனது. கிறிஸ்துமஸை ஒட்டி முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் டப்பா டப்பாவாக வீட்டில் இருக்கும். உறவினர் வீடுகளிலிருந்தும் வரும். அவற்றை உண்ணாதிருக்கச் சொல்வது வீண். வழக்கமாகச் செய்வதில் பாதியளவு மட்டும் செய்வது என்று மாமியாரே முடிவெடுத்தார் என்பதை ஜனவரியில்தான் அறிந்தோம். அந்த மாதம் கூடியது ஒரு கிலோ மட்டுமே; அதற்கு முந்தைய ஆண்டுகளில் பண்டிகைக்குப் பின் உடைகள் இறுகுவது வழக்கம் என்று அவரே சொன்னார்.

ஒன்பதாம் மாதம் 68.9 கிலோ, ஓராண்டு நிறைவில் 67.8 கிலோ. மொத்தக் குறைவு 6.8 கிலோ, தொடக்க எடையில் 9 சதவீதம். இடுப்பு 98-இலிருந்து 89 செ.மீ.; இரத்த அழுத்தம் 128/82; வெறும் வயிற்றுச் சர்க்கரை 101; டிரைகிளிசரைடு 148; ஹீமோகுளோபின் 11.6. எச்பிஏ1சி 6.2-இலிருந்து 5.7 ஆனது. இதில் ஓர் எச்சரிக்கை தேவை: இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகை இருக்கும்போது எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே இந்த வீழ்ச்சியில் ஒரு பகுதி இரத்தசோகை சீரானதால் வந்ததாகவும் இருக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்ததைச் சேர்த்துப் பார்த்தே முன்னேற்றம் என்று எழுதுகிறோம். முழங்கால் வலி மறையவில்லை, படியேற முடிகிறது.

வீட்டுக் கணக்கையும் மறுபடி எடுத்தோம். எண்ணெய் 2.75 லிட்டர், சீனி 2.5 கிலோ, தேங்காய் 20. மூன்றும் சேர்ந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கலோரி. முன்பிருந்ததைவிட 235 குறைவு. அரிசி 22 கிலோவிலிருந்து 20 கிலோவுக்கு மட்டுமே இறங்கியது. சோற்றை விடாமலேயே இந்த எடை குறைந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. மாமியாருடைய சர்க்கரையும் கட்டுக்குள் வந்து, அவருடைய மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்.

கருத்து

ஒருவருடைய ஓராண்டு அனுபவத்திலிருந்து எல்லாருக்கும் பொருந்தும் முடிவு எதையும் எடுக்க இயலாது. இவருக்குச் சாதகமாக இருந்தவை பல: ஒத்துழைத்த மாமியார், வீட்டில் சமைத்த உணவே பெரும்பகுதியாக இருந்தது, தைராய்டு போன்ற தடைகள் இல்லாதது. விடுதியில் தங்கி வேலை செய்பவருக்கோ, நாள்தோறும் கடையில் உண்பவருக்கோ பலசரக்குச் சீட்டைப் பார்க்கும் முறை உதவாது. 29.3 என்ற இப்போதைய குறியீடும் இந்திய அளவுகோலில் உடல்பருமன்தான். அவர் விரும்பிய 55 கிலோவை அடையவில்லை, அடைய வேண்டிய தேவையும் மருத்துவ நோக்கில் இப்போதைக்கு இல்லை.

சத்துமாவுப் பொடியால் மூன்று மாதங்களில் 7 கிலோ குறைந்ததையும், இங்கே ஓராண்டில் 6.8 கிலோ குறைந்ததையும் அருகருகே வைத்தால் முதலாவதே வெற்றியாகத் தோன்றும். பொடி அவருடைய இரண்டு வேளை உணவை மட்டும் மாற்றியது; வீட்டு எண்ணெய்க் குப்பி, சீனி டப்பா, சட்டியில் மிஞ்சுகிற கறி எல்லாம் அப்படியே காத்திருந்தன. பொடி நின்ற நாளில் அவர் திரும்பிச் சென்றது அதே அடுக்களைக்கு. ஆனால் இப்போதைய மாற்றமும் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இன்னும் ஓராண்டேனும் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனை விரைவிலேயே வருகிறது. மகள் முதல் பிரசவத்துக்காகத் தாய்வீடு வருகிறார். பிரசவ மருந்தும், நல்லெண்ணெயும், தேங்காய்ப்பால் கஞ்சியும் அடுக்களைக்குள் மீண்டும் நுழையும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பதால் அவற்றைத் தடுப்பது தவறு. மகளுக்கு உரிய எண்ணெயையும் சீனியையும் வேறு குப்பியிலும் டப்பாவிலும் வைத்து, அவற்றை வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் தனியே எழுதும்படி மாமியாரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த சந்திப்பு பிரசவத்துக்குப் பின் இரண்டாம் மாதம்.